இரண்டாம் பக்கத்துத் தோடி

ஏதாவது புது ஆல்பம் வந்தால் நண்பர்கள் என்னிடம் அபிப்பிராயம் கேட்கிறார்கள். பழைய இசைத்தட்டு கையில் கிடைத்தாலும் கேட்கிறார்கள். நானும் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, "தொடக்கத்தில் ஒரு நிதானம், நடுவில் ஒரு கம்பீரம், மொத்தத்தில் ஒரு நிறைவு" என்று சொல்லி வைக்கிறேன். இதுவரை ஒருவரும் மறுத்ததில்லை. வீணைக்கும் பொருந்தியது, மேசை நாற்காலியைப் போட்டு உடைப்பதுபோல கிடார் வாசிக்கும் பையன்களுக்கும் பொருந்தியது. ஆனால் இந்த மூன்றும் என் சொந்தச் சரக்கல்ல. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஜனவரி ஞாயிறன்று, டில்லி ஆர்.கே.புரத்தில், அரசாங்கக் குவார்ட்டர்ஸின் இரண்டாவது மாடியில், பாதியே கேட்ட ஓர் இசைத்தட்டைப் பற்றிச் சொல்வதற்காக என் அக்கா தயாரித்துக் கொடுத்தவை.

அப்பா மத்திய அரசின் ஓர் அமைச்சகத்தில் அசிஸ்டென்டாக இருந்தார். அவருக்கு மேலே, பல படிகள் மேலே, டெபுடி செக்ரட்டரி ஒருவர். தஞ்சாவூர்ப் பக்கம். எங்கள் வீட்டில் அவருக்கு 'டி.எஸ். மாமா' என்று பெயர். அவரை நினைத்து அப்பாவின் செக்‌ஷனே நடுங்கியதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. முதலாவது, அவரிடம் யாரும் எதையும் நேரில் போய்ச் சொல்லிவிட முடியாது. "வாயால சொல்லாதே, நோட் போட்டு அனுப்பு" என்பார். தொலைபேசியைத் தொடமாட்டார், அதற்கென்று பி.ஏ. இருந்தார். அவ்வளவு கண்டிப்பு.

இரண்டாவது காரணம் அதைவிடப் பயங்கரம். அவரிடம் அலமாரி அலமாரியாக எல்.பி. ரிகார்டுகள் இருந்தன. தமிழ் தெரிந்த ஆட்களாகப் பார்த்து ஒன்றைக் கொடுப்பார். கேட்டுவிட்டு, அவர் வீட்டுக்குப் போய், எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். கோப்பில் குறிப்பு எழுதுவது சுலபம். முந்தின குறிப்பைப் பார்த்து எழுதிவிடலாம். சங்கீதத்துக்கு முந்தின குறிப்பு ஏது? செக்‌ஷனில் ஒருவர் "ஃபர்ஸ்ட் கிளாஸ் சார்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டாராம். அவர் இப்போது கௌஹாத்தியில் இருக்கிறார் என்பதைச் செக்‌ஷனில் தணிந்த குரலில் சொல்லிக்கொள்வார்கள்.

அந்த ஜனவரியில் இன்னொரு கௌஹாத்தி மாற்றல் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் அப்பாவின் பெயர் இருப்பதாகப் பேச்சு. அக்காவுக்கு மார்ச்சில் பத்தாம் வகுப்பு போர்டு பரீட்சை.

"பரீட்சை முடியற வரைக்கும் நான் இந்த ஆத்தை விட்டு நகர மாட்டேன்" என்றாள் அம்மா.

"குவார்ட்டர்ஸ் நம்ம பேர்ல இருந்தாத்தானே நீ நகராம இருக்கறதுக்கு?" என்றார் அப்பா.

இந்த நிலையில்தான் சனிக்கிழமை மத்தியானம் டி.எஸ். மாமா அப்பாவைக் கூப்பிட்டு ஓர் எல்.பி.யைக் கொடுத்தார். நாளைக்குச் சாயங்காலம் காபிக்கு வா, குடும்பத்தோடு வா என்றும் சொன்னார். குடும்பத்தோடு என்று யாரையும் அவர் அழைத்ததில்லை. அம்மாவின் கருத்தில், மாற்றல் செய்தியை நாலு பேர் முன்னால் சொன்னால் அப்பா அழமாட்டார் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

அப்பா அந்தத் தட்டைப் பேருந்தில் பச்சைக் குழந்தைபோல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். யாரோ ஒரு பஞ்சாபி அம்மாள் பதறி எழுந்து இடம் கொடுத்தாளாம்.

எங்கள் வீட்டில் கரோல் பாகில் பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு பெட்டி ரிகார்டு பிளேயர் இருந்தது. சனிக்கிழமை மாலை, முதல் பக்கத்தைக் கேட்டோம். வயதான ஒரு பெண்மணியின் குரல். முதலில் கொஞ்சம் கரகரத்து, பிறகு மெதுவாக இளகி, வெயிலில் காய்ந்த ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்குள் காலை நுழைப்பதுபோல இதமாக ஆயிற்று. இது எனக்கு அப்போது தோன்றியதா, பின்னால் சேர்த்துக்கொண்டதா தெரியவில்லை. அப்போது நான் தூங்கிவிட்டேன் என்பதுதான் வீட்டில் நிலவும் வரலாறு. மலை மந்திர் முருகன் கோயில் பக்கத்துப் பாட்டு வகுப்பில் என்னை வாரக்கணக்கில் பொறுத்துக்கொண்ட டீச்சர், "நீ தாளம் மட்டும் போடு, சத்தம் வராம போடு" என்று சொல்லியிருந்த காலம் அது. முதல் பக்கம் முடிந்து, அப்பா தட்டைப் புரட்டுகிற நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. ரெண்டாம் பக்கத்தைக் காலையில் கேட்டுக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

டில்லிக் குளிரில் எங்களைப் போன்ற குடும்பங்கள் காலையில் செய்யும் முதல் காரியம் உறைந்துபோன தேங்காயெண்ணெயை உருக்குவது. அண்டை வீட்டுக்காரர்கள் கடுகெண்ணெய்க் கட்சி. அவர்களுக்கு இந்த அவஸ்தை கிடையாது. அம்மா பாட்டிலை ஹீட்டருக்கு முன்னால் வைப்பாள். கம்பி சிவக்கச் சிவக்க வெள்ளைக் கட்டி ஓரத்திலிருந்து கரைந்துவரும். நாளடைவில் எங்கள் வீட்டில் எது ஜில்லென்று இருந்தாலும் அதே வைத்தியம் என்று ஆகிவிட்டது. சாக்ஸ், பள்ளிக்கூட ஷூ, ஒருமுறை பற்பசை.

அன்று காலை அப்பா உறையிலிருந்து தட்டை எடுத்து, விரலால் தொட்டுப் பார்த்து, "ஐஸா இருக்கே! இதுல ஊசியை வெச்சா கீறிடாதோ?" என்றார்.

"எண்ணெய்ப் பாட்டில் பக்கத்துல சாத்தி வைங்கோ. ரெண்டும் சேர்ந்து காயட்டும்" என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து.

அப்பா நாற்காலிக் காலில் தட்டைச் சாய்த்து வைத்துவிட்டு முகச் சவரம் செய்யப் போனார். நான் ரஜாய்க்கு வெளியே மூக்கை மட்டும் நீட்டிப் படுத்திருந்தேன். சற்றுப் பொறுத்து அக்கா பூகோளப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஏதோ வாசனை வரதேம்மா."

"எண்ணெய் உருகியாச்சுன்னா எடுத்து வையேண்டி!"

எண்ணெய் உருகியிருந்தது. பக்கத்தில் தட்டும் ஒரு ஓரமாக மேலே எழும்பி, கீழே இறங்கி, பொரிகிற அப்பளம் கடைசி நொடியில் முறுக்கிக்கொள்ளுமே, அந்த மாதிரி நின்றது. அப்பா பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஓடிவந்தார். ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கினார். தட்டை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நுரை அவர் கன்னத்திலேயே காய்ந்தது.

அதைச் சமதளமாக்க நடந்த முயற்சிகளில் என் பங்கு முக்கியமானது. தட்டை இரண்டு கேரம் போர்டுகளுக்கு நடுவே வைத்தார்கள். ஒன்று எங்களுடையது, இன்னொன்று கீழ் வீட்டு சர்தார்ஜியிடம் இரவல். மேலே கனமாக ஏதாவது வைக்க வேண்டும். டிரங்குப் பெட்டி வேண்டாம், மூலை அழுத்தும் என்றார் அப்பா. வீட்டில் மூலை இல்லாமல் கனமாக இருந்த பொருள் நான்தான். முற்பகல் முழுவதும் ரஜாயைப் போர்த்திக்கொண்டு அந்தக் கேரம் போர்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். கர்நாடக சங்கீதத்துக்காக நான் இன்றுவரை செய்திருக்கும் ஒரே தொண்டு அதுதான். சாப்பாடுகூட அங்கேயே வந்தது.

இரண்டு மணிக்கு என்னை எழுப்பிவிட்டுத் தட்டைச் சுழலவிட்டார்கள். ஊசி மேட்டில் ஏறியது, பள்ளத்தில் இறங்கியது. பெண்மணியின் குரல் "ஆ" என்று தொடங்கி, கிணற்றுக்குள் போய், வெளியே வந்து, மறுபடி கிணற்றுக்குள் போயிற்று. பெரிய மேடு வந்ததும் ஊசி துள்ளி எங்கோ போய் விழுந்தது. மறுபடி வைத்தார்கள். மறுபடி துள்ளியது. எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா என் தொடையில் கிள்ளினாள். அப்பா பெட்டியை மூடினார்.

கனாட் பிளேஸில் புதிதாக ஒன்று வாங்கலாமென்றால் ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது.

"போய் உள்ளதைச் சொல்லிடலாம். மனுஷன்தானே?" என்றாள் அம்மா.

"சொல்லலாம். லிஸ்ட்ல கையெழுத்தாகட்டும், அப்புறம் சொல்லலாம். இன்னிக்கு உறையோட குடுத்துடுவோம். அத்தனை தட்டுல ஒண்ணா அலமாரிக்குள்ளே போயிடும்."

"ரெண்டாம் பக்கம் எப்படி இருந்துதுன்னு கேட்டா?"

அதற்குத்தான் அக்கா. உறையைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே ராகம்: தோடி. பாட்டு வகுப்பில் அவள் தோடியின் வாசல்வரை போயிருந்தாள். யோசித்து, பூகோளத்தை ஓரமாக வைத்துவிட்டு, அந்த மூன்றையும் சொன்னாள். அப்பா கூடத்துக்கும் பால்கனிக்கும் நடந்து நெட்டுருப் போட்டார். நிதானம், கம்பீரம், நிறைவு. நிதானம், கம்பீரம், நிறைவு. ஞாயிறு மாலை டி.வி.யில் ஹிந்திப் படம் பார்க்க முடியாத துக்கத்தில் நானும் கூடவே நடந்து மனப்பாடம் பண்ணிவிட்டேன். குழந்தை கூட இருந்தால் கோபம் குறையும் என்று என்னையும் அழைத்துப் போவதாக ஏற்பாடு. அக்கா படிக்க வேண்டும், அவளுக்கு விடுதலை.

அம்மா எனக்கு இருந்த ஸ்வெட்டர்களையெல்லாம் போட்டுவிட்டாள். மேலே ஒரு மங்க்கி கேப். முழங்கையை மடக்க முடியாமல், கைகள் இரண்டும் சோளக்கொல்லைப் பொம்மைபோல விறைத்துக்கொண்டு நின்றன. ஆட்டோவை டில்லியில் அப்போது ஸ்கூட்டர் என்போம். அந்த ஸ்கூட்டரில் அப்பா தட்டை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டே வந்தார். சாலையில் ஒவ்வொரு மேடு வரும்போதும் "அரே பாய், தீரே, தீரே" என்று மெதுவாகப் போகச் சொல்லிக் கெஞ்சினார். இனி அதற்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று கேட்க வாயெடுத்தேன். அம்மா கண்ணாலேயே மூடிவிட்டாள்.

காகா நகரில் மாமாவின் வீடு. அப்பா அழைப்பு மணியை அழுத்தினார். உள்ளே மணி அடிப்பது எங்களுக்கே கேட்டது. ஜன்னல் கண்ணாடி வழியே மாமா நன்றாகத் தெரிந்தார்; பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அசையவில்லை. மறுபடி அழுத்தினார். மாமா ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

"பார்த்தியா? எழுந்துக்கக்கூட மாட்டேங்கறார்" என்றார் அப்பா. முகம் வெளுத்துவிட்டது. "போயிடலாமா?"

அதற்குள் பின்கட்டிலிருந்து கர்வாலிச் சமையல்காரர் ஓடிவந்து கதவைத் திறந்தார். அவர் போய் எதிரே நின்ற பிறகுதான் மாமா நிமிர்ந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்கோ, வாங்கோ" என்றார். எதிர்பார்த்ததைவிடப் பெரிய குரல்.

அறை முழுக்க ரிகார்டு அலமாரிகள். நடுவில் தேக்கில் செய்த, சின்னக் கட்டில் அளவுக்கு ஒரு ரேடியோகிராம். அதன் மூடிமேல் பூச்சாடி, பழைய பேப்பர் கட்டு, ஒரு கந்தல் மஃப்ளர். அதன் வயரைச் சுருட்டி நூலால் கட்டி வைத்திருந்தார்கள். பெரிய மனிதர்கள் மின்சாரத்தில் எவ்வளவு சிக்கனம் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவும் அந்த வயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா தன் எதிரே, வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து அப்பாவை உட்காரச் சொன்னார். காபி வந்தது. எனக்கு பிஸ்கட் வந்தது.

"சொல்லு. எப்படி இருந்தது?"

அப்பா பெரியவர்களிடம் பேசும்போது மரியாதைக்காக வாயைக் கையால் மறைத்துக்கொள்வார். அன்று பயம் வேறு. தலை குனிந்து, கையை உதட்டோடு ஒட்டிவைத்துக்கொண்டு, "தொடக்கத்திலேயே ஒரு நிறைவு சார்..." என்று வரிசையைக் குழப்பினார்.

"கையை எடு" என்றார் மாமா.

அப்பா கையை எடுத்துவிட்டுத் தரையைப் பார்த்து, "அப்புறம் நிதானம்..." என்றார்.

"என்னைப் பார்த்துச் சொல்லுப்பா!"

அந்தக் குரலில் எனக்கே பிஸ்கட் தொண்டையில் அடைத்தது. அப்பாவின் நெற்றியில், டில்லி ஜனவரியில், வியர்த்தது. அந்தச் சமயம் சமையலறையில் எவர்சில்வர் தட்டுகள் மொத்தமாகச் சரிந்து விழுந்தன. நாங்கள் மூவரும் தூக்கிவாரிப்போட்டு எழுந்தே விட்டோம். மாமா கண்கூட இமைக்கவில்லை. நாங்கள் எதற்கு எழுந்தோம் என்பதுபோல எங்களைப் பார்த்தார். என்ன ஒரு நெஞ்சழுத்தம்!

அப்பாவிடமிருந்து ஒன்றும் தேறாது என்று தெரிந்ததோ என்னவோ, மாமா என் பக்கம் திரும்பினார். "நீ கேட்டியாடா? குல்லாயைக் கழட்டிட்டு இப்படி வா. ரெண்டாம் பக்கம் எப்படி இருந்தது?"

எனக்கு நிதானம், கம்பீரம், நிறைவு எல்லாம் தயாராகத்தான் இருந்தன. ஆனால் அவர் என் முகத்துக்கு நேரே குனிந்து, என் வாயையே பார்த்தார். பிஸ்கட் துகள் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று புறங்கையால் துடைத்தேன். அப்போதும் பார்த்தார். அந்தப் பார்வையில் அக்காவின் வார்த்தைகள் மூன்றும் எங்கோ ஓடிவிட்டன. காதில் மிச்சமிருந்தது, மத்தியானம் நிஜமாகவே கேட்டது மட்டும்தான்.

"அலை மாதிரி வந்தது மாமா."

"ம்."

"மெதுவா மேலே ஏறித்து. அப்புறம் கீழே, கிணத்துக்குள்ளே போறாப்பல போயிடுத்து. திரும்பி மேலே வந்தது." முழங்கை மடங்காததால் மொத்தக் கையையும் வீசிக் காட்டினேன். "படகுல உட்காண்டிருக்கற மாதிரி இருந்தது. அப்புறம் ஒரே இடத்துல, டபக்குனு, தூக்கிப் போட்டுது!"

அப்பா கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். மாமா என் வாயையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னொரு தரம் காட்டு" என்றார். காட்டினேன். அவர் தலை என் கையோடு கூடவே ஏறி இறங்கியது.

பிறகு உறையை எடுத்தார். தட்டை வெளியே உருவி, வெளிச்சத்துக்கு நேரே, கண் மட்டத்தில் பிடித்தார். வளைவு அவருக்கும் எங்களுக்கும் நடுவே அப்பட்டமாக நின்றது. அம்மா புடவைத் தலைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மாமா ஒரு விரலால் விளிம்பைத் தடவிக்கொண்டே போனார். மேடு, பள்ளம், மேடு. பெரிய மேட்டில் விரலை நிறுத்தி என்னைக் கேட்டார்:

"தூக்கிப் போட்டது இந்த இடத்துலயா?"

"ஆமா மாமா! அதே இடம்தான்!" என்று கத்தினேன். சரியாகக் கண்டுபிடித்துவிட்டாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

மாமா சிரித்தார். சத்தமாக, நெடுநேரம் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்ததாக அப்பாவின் செக்‌ஷனில் சாட்சியே கிடையாது. "தேங்காயெண்ணெய் உருக்கினேளா?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார். அம்மா அவரை நேராகப் பார்த்துத் தலையை மட்டும் பெரிதாக ஆட்டினாள். அவர் தட்டை உறைக்குள் போட்டு, அலமாரியில் அதன் இடத்திலேயே, மற்ற தட்டுகளோடு வைத்தார்.

அப்பா எழுந்து நின்று, "சார், கௌஹாத்தி..." என்றார். இம்முறை கையால் வாயை மறைக்க மறந்துவிட்டார்.

"உன் பேரை ஜூனுக்குத் தள்ளி வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டாச்சு. பொண்ணுக்குப் பரீட்சைன்னு நோட்ல எழுதியிருந்தியே. அதை உன் ஆத்துக்காரியும் இருக்கறப்போ சொல்லலாம்னுதான் வரச்சொன்னேன்." பிறகு இன்னோர் அலமாரியைத் துழாவி, மினுமினுக்கும் அட்டையில் தலைமுடி சிலிர்த்த நாலு பேர் முறைத்துக்கொண்டிருந்த புத்தம் புது ரிகார்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "என் பையன் அனுப்பினது. இந்தக் காலத்து சமாசாரம். நீ கேளு. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து, இதே மாதிரி கையைக் காட்டிச் சொல்லணும், என்ன?"

திரும்பும்போது ஸ்கூட்டரில் அப்பா உற்சாகத்தில் நிலைகொள்ளவில்லை. "மனுஷனுக்கு எப்படிப்பட்ட ஞானம் பார்த்தியா! தட்டைத் தொட்டே எந்த இடம்னு சொல்லிட்டார். நான் சொன்ன நிதானமெல்லாம் எடுபடலை. இவன் உளறினதை எப்படிக் கேட்டார்!"

"அவர் கேக்கலை" என்றாள் அம்மா. "பார்த்துண்டிருந்தார்."

அப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"இனிமே போறச்சே கையை எடுத்துட்டு, முகத்தைப் பார்த்து, மெதுவாப் பேசுங்கோ. ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்."

மோதி பாக் தாண்டும்போது அப்பா, யாரிடமோ சொல்வதுபோல, "அதான் நோட் போடச் சொல்றாரா?" என்றார்.

நான் நடுவில், தலைமுடி சிலிர்த்த நாலு பேரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா சொன்னது எனக்கும் கேட்டது. மாமா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் முதலிலேயே கவனித்தவனாயிற்றே. சந்தேகமே இல்லை, துகள் ஒட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இவர்கள் யாரும் முன்னாலேயே சொல்லவில்லை. மங்க்கி கேப்பைக் கீழே இழுத்து, ஆர்.கே.புரம் வந்து சேரும்வரை வாயைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.